அடுத்த கொரோனாவில் கல்லூரி மைதானத்தைத் திறப்பது எப்படி?

முதல் காரியம், கமிட்டி. கரஸ்பாண்டென்ட், பிரின்சிபால், ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர் போதும். கூட்டத்தை ஜூமில் வையுங்கள். நேரில் கூடினால் தொற்றிக்கொள்ளும். பசங்கள் நேரில் கூடிக் கபடி ஆடலாம் என்று அதே ஜூமில் தீர்மானம் போடுங்கள்.

முன்னுதாரணம் கேட்டால் சேப்பாக்கத்தைக் காட்டுங்கள். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட் காலி கேலரிக்கு முன்னால் நடந்தது. இரண்டாவது டெஸ்டுக்கு அதே மைதானத்தில் பாதிக் கூட்டத்தை விட்டார்கள். நடுவில் ஒரு வாரம்கூட இல்லை. அந்த வீரர்களை ஓட்டலில் பூட்டிவைத்து, மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த கதையை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் பையன் 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் மயிலாப்பூரில் பாட்டி படுத்திருக்கும் ஒற்றை அறைக்குத் திரும்புகிறவன்.

யாராவது சென்னை ஐஐடி பேச்சைக் கிளப்புவார்கள். 2020 டிசம்பரில் அங்கே நூறு பேருக்கு மேல் தொற்றியது. மெஸ்ஸில் கூடிச் சாப்பிட்டதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். "பார்த்தீர்களா, விளையாட்டு இல்லை, சாப்பாடு" என்று அடித்துப் பேசுங்கள். ஆட்டம் முடிந்து பசங்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டால், அது அடுத்த கூட்டத்து அஜெண்டா.

இனிதான் முக்கியம்: சம்மதக் கடிதம். அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமே 2020 ஜூனில் வீரர்களிடம் கையெழுத்து வாங்கியது, நமக்கென்ன? ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, ஹாஸ்டல், ஃபீஸ் சலுகை எல்லாம் உங்கள் கையில். "வருவதும் வராததும் உன் இஷ்டம்ப்பா" என்று கனிவாகச் சொல்லிவிட்டு, அட்டெண்டன்ஸ் நோட்டைத் திறந்து வையுங்கள். ஒருத்தன் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். கடைசி வருஷப் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட் போனால் ரயில்வே வேலைக் கனவும் போச்சு. அந்தப் பயம் நிஜம். அவனுக்காகவாவது திறக்கத்தான் வேண்டும் என்று நானும் சொல்வேன். வராதவனுக்கும் சலுகை தொடரும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அவன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். ஆகவே எழுதிக் கொடுக்காதீர்கள்.

சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், வாட்ச்மேன் இவர்களுக்குப் படிவமே வேண்டாம், காண்ட்ராக்ட் ஆட்கள்.

திறப்பு நாளன்று கரஸ்பாண்டென்ட்டை மைதானத்துப் பக்கம் அழைத்துவிடாதீர்கள். எழுபது வயதுக்காரர். வாழ்த்துரையை வீடியோவில் அனுப்பச் சொல்லுங்கள்.