புள்ளி விழுந்த மெஸ்

அக்கா மகள் விடுதியிலிருந்து வந்திருக்கிறாள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாடிப்படி ஏறும்போதே மூக்கு சொல்லிவிடும். ஹோமம் முடிந்த வீட்டுக்கும் தீ அணைந்த மரக்கடைக்கும் நடுவில் ஒரு வாசனை. பையைத் திறந்தால் அது இன்னும் கூடும். உள்ளே மூன்று மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் வெட்டி, பல்லோடு பல் கோத்து ஒட்டிய ஒரு பேனா ஸ்டாண்டு. ஓரமெல்லாம் கருகல். சணல் கயிற்றில் ஒரு சின்ன அட்டை தொங்கும்: "கையால் செய்தது."

டிசைன் படிக்கிற பிள்ளையைப் பெற்றவர்களின் கஷ்டம் தனி. "பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், பந்தியில் முதல் சாதம் போட்டது முதல் பாயசம் வரும்வரை என் அக்கா விளக்குவாள். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "ஓ, டிரெஸ் டிசைனா?" என்பார். இல்லை என்றால், "அப்போ எங்க கிரகப்பிரவேசப் பத்திரிகையை அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்களேன்."

பத்திரிகையை அவளிடம் காட்டுவதுதான் ஆபத்து. இந்தப் பிள்ளைகள் பத்திரிகையில் யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று பார்ப்பதில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறார்கள். பீரோவிலிருந்த என் கல்யாணப் பத்திரிகையை எடுத்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "ஏழு ஃபான்ட் மாமா" என்றாள். பிள்ளையார் சுழியைச் சேர்த்தால் எட்டு.

அடையாளங்கள் இன்னும் உண்டு. வளையல் போடவேண்டிய கையில் மாஸ்கிங் டேப் உருளை. ஆள்காட்டி விரலில் கட்டர் பிளேடு கிழித்த கீறல், அதன்மேல் அதே டேப். போனில் மனிதர் படமே இருக்காது. லாரியின் பின்பக்கம், சோடாக்கடைப் பலகை, உடைந்த தெருப்பெயர்ப் பலகை, இவைதான் இருக்கும். இரவு நான்கு மணிவரை விழிப்பு. காரணம் கேட்டால் "ஜூரி." நான் முதலில் கோர்ட் கேஸ் என்றே நினைத்தேன். செய்த வேலையை நடுவர்கள் முன் வைத்துப் பதில் சொல்கிற தேர்வாம்; நான் நினைத்தது பாதி உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

"கையால்" எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஒருநாள் கூடப் போனேன். அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறை. பாதி அறையை அடைத்துக்கொண்டு, சவப்பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்ட மாதிரி ஒரு இயந்திரம். ஜன்னல் வழியாகப் புகைக்குழாய், காற்றுக்கு ஒரு கம்ப்ரஸர், குழலைக் குளிர வைக்க ஒரு டப்பாத் தண்ணீர். ஓட்டுகிற தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பென் டிரைவை வாங்கிச் செருகிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கோரலா?" கோரல்டிராவில் வரைந்ததா என்று அர்த்தம். சிவப்புக் கோடு என்றால் வெட்டு, கறுப்பு என்றால் மேலாகச் சுடு. வேகம் இவ்வளவு, சக்தி இவ்வளவு என்று எதையோ தட்டினார். நிமிஷக் கணக்கில் காசு. பெட்டிக்குள் ஒரு முனை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடி, இருபது நிமிஷத்தில் பேனா ஸ்டாண்டை வெட்டித் தள்ளியது. அந்த இருபது நிமிஷமும் கையால் செய்கிறவள் கையில் டீ கிளாஸ் இருந்தது.

பாதியில் எனக்கொரு யோசனை. வீட்டில் மிச்சம் கிடந்த பிவிசி ஷீட்டில் வெட்டினால் செலவு மிச்சமாகுமே என்றேன். அதுவரை வாய் திறக்காத தம்பி, "வெளிய போங்க சார்" என்கிற தோரணையில் பார்த்தார். பிவிசியைச் சுட்டால் குளோரின் கலந்த புகை வரும். ஆளுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். கல்லூரியில் ஒரு முழுப் பருவம் நடத்துகிற பொருளறிவை அவர் ஒரு பார்வையில் நடத்தி முடித்தார்.

வீட்டுக்கு வந்தபின் கைவேலை தொடங்கியது, ஒத்துக்கொள்கிறேன். புகைக்கறை படாமலிருக்கப் பலகை மேல் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை உரிக்க வேண்டும். எழுத்து எழுத்தாக, சந்து சந்தாக. என் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முருங்கைக்கீரை ஆய்கிற பொறுமையுடன் மூன்று மணி நேரம் உரித்தாள். கருகிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தது நான். அட்டையில் பெயர் போட்டது அக்கா மகள்.

இதைச் சும்மா விடுவதா என்று, படித்ததை எடுத்துவிட்டேன். "அந்த மெஷினுக்குள்ள இருக்கிறது கார்பன் டை ஆக்ஸைடு லேசர், தெரியுமா? 10.6 மைக்ரான் அலைநீளம், கண்ணுக்கே தெரியாது. 1964இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் குமார் படேல். நம்ம மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர்."

அவள் கண் மின்னியது. அடுத்த பரிசின் அட்டையில் இப்படி இருந்தது: "இந்தியக் கைவினை."

அந்த அடுத்த பரிசு அக்காவுக்கு. சுவரில் மாட்ட "அம்மா" என்று எழுத்தெழுத்தாக வெட்டியது. ஆங்கிலம் படித்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்தின் சங்கடம் அப்போதுதான் தெரிந்தது. எழுத்தைத் தனியாக வெட்டி எடுத்தால் 'ம்' தலைமேல் உள்ள புள்ளி எதையும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கழன்று விழுந்து, அடியில் உள்ள தேன்கூட்டுத் தட்டின் ஓட்டை வழியே போய்ச் சேர்ந்துவிடும். சரி, பலகையில் எழுத்தை ஓட்டையாக வெட்டலாம் என்றால், சுழிக்குள் இருக்கிற குட்டி வட்டம் விழுந்துவிடும். ஒன்றில் புள்ளி போகும், மற்றதில் சுழி போகும். அக்கா வீட்டு ஹாலில் மூன்று மாதம் "அமமா" என்றுதான் தொங்கியது. வந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இது புதுச் சங்கடமும் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பார்கள். அப்படி விட்ட புள்ளியைத் தேடித்தான் பதிப்பாசிரியர்கள் கண் பூத்துப்போனார்கள். அச்சு வந்து ஒருவழியாகப் புள்ளி பிழைத்தது. இப்போது லேசர் வந்திருக்கிறது.

மூன்றாம் ஆண்டில் வந்தது உணவக ஆராய்ச்சி. ஏதாவது ஓர் உணவகத்தை எடுத்து அதற்கு ஐடென்டிட்டி செய்ய வேண்டும். லோகோ என்றால் கோபம் வரும். "லோகோ வேற, ஐடென்டிட்டி வேற மாமா." எங்கள் திருவல்லிக்கேணித் தெரு முனையில் முப்பது வருஷமாக நடக்கும் மெஸ் மாட்டிக்கொண்டது. உரிமையாளர் பெரியவர், கல்லாவை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. மாலை நாலு மணிக்கு, கூட்டமில்லாத நேரம் பார்த்து, கேள்வித்தாளோடு போனாள். நான் சாட்சிக்கு.

"அங்கிள், உங்க மெஸ் ஒரு மிருகமா இருந்தா, அது என்ன மிருகம்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து மெதுவாக, "நாங்க சைவம்மா" என்றார்.

"சரி, ஒரு வண்டியா இருந்தா?"

"டிவிஎஸ் ஃபிஃப்டி ஒண்ணு நிக்குது. காய்கறிக்கு."

"உங்க டார்கெட் ஆடியன்ஸ் யாரு?"

"எதிர்ல மேன்ஷன். முப்பத்தாறு ரூம்."

கடைசி பதிலை அவள் எழுதிக்கொள்ளவில்லை. அதைவிடத் துல்லியமான சந்தை ஆய்வை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஒவ்வொரு உணவகத்துக்கும் ஒரு கதை வேண்டும் என்றாள். திண்டுக்கல்லில் 1957இல் பிரியாணிக் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு தலையில் கட்டியிருந்த தலப்பா, கடைக்கே பெயராகி, பின்னாளில் அந்தப் பெயருக்காக வழக்கு நடக்கிற அளவுக்கு மதிப்பேறிய கதையைச் சொன்னாள். பெரியவர் தலையைத் தடவிக்கொண்டார். "நமக்கு வழுக்கைதானே பாப்பா இருக்கு."

பிறகு பேச்சு மெனு கார்டுக்கு வந்தது. விலைக்கு முன்னால் பணக்குறி போடாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சடித்தால் சாப்பிடுகிறவர் கூடுதலாகச் செலவழிக்கிறார் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2009இல் கண்டிருக்கிறார்கள். இதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது பரிமாறுகிறவர் அடுத்த மேஜைக்கு ஒரே மூச்சில், "இட்லி பொங்கல் பூரி கிச்சடி ரவா ஆனியன்ரவா நெய்ரோஸ்ட் ஊத்தப்பம் சூடா வடை இருக்கு" என்றார். பணக்குறி மட்டுமல்ல, விலையே இல்லை. கார்னெல்காரர்கள் பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள். அதிலும் 'சூடா' என்பது வடைக்கு மட்டும், வடை எப்போதும் கடைசியில். கடைசியாகக் காதில் விழுவதே மனதில் நிற்கும் என்று அவள் பாடத்தில் இருக்கிறதாம். வடை சொன்னவரிடமே விசாரித்தாள். "மிஞ்சினா நாளைக்கு சாம்பார் வடைம்மா, அதான்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வடிவம் வந்தது. மேலே ஆங்கிலத்தில், ஊசி மாதிரி மெலிந்த சின்ன எழுத்துகளில் 'மெஸ்'; கீழே எறும்பு ஊர்கிற மாதிரி தமிழ். பெரியவர் படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு, "லேபர் ஆபீசர் வருவாரும்மா" என்றார். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் அரசு விதி. எந்த எழுத்து பெரிது, எந்த எழுத்து சிறிது என்று அவள் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அரசாங்கம் மூன்றே எண்ணில் முடித்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஐந்து மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் கொழுகொழுவென்று நல்ல தமிழ் எழுத்துச் செய்தாள். சொல்லத்தான் வேண்டும், அழகாகவே இருந்தது. 'மெ'யின் கொம்பு தோசை மடித்த வளைவில் வந்திருந்தது. தோசைக்கல் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குத்தான் அது வரும். பெரியவர் ஒரு வாரம் டிபனுக்குக் காசு வாங்கவில்லை.

'ஸ்'ஸின் புள்ளி மட்டும் தனி. இருபக்க டேப்பில் ஒட்டியிருந்தது. சித்திரை வெயிலில் பதினோராம் நாள் டேப் இளகி, புள்ளி விழுந்தது. விழுந்த இடம் அண்டாவா, சாக்கடையா என்பதில் இருவேறு கருத்து உண்டு. அன்றைக்குச் சாம்பார் வாங்கியவர்கள் சாக்கடை என்கிற கட்சி.

பெரியவர் அவளுக்குப் போன் செய்யவில்லை. எதிர் மேன்ஷனுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயின்டரைக் கூப்பிட்டார். அவர் ஏணியைத் தூக்கிவந்து சாத்தி, பீடியை வாயின் ஓரத்துக்குத் தள்ளி, சிவப்பு எனாமலில் பிரஷ்ஷை ஒரு முக்கு முக்கி, 'ஸ'வின் தலையில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். கொஞ்சம் வழிந்தது. விரலால் துடைத்தார். கூலி நாற்பது ரூபாய், ஒரு டீ.

அவளுடைய போர்ட்ஃபோலியோவில் அந்தப் பலகை நான்காம் பக்கத்தில் இருக்கிறது. எழுத்துகளுக்குக் கீழே "லேசர், அக்ரிலிக்" என்று உண்மையாகவே போட்டிருக்கிறாள். புள்ளியைப் பெரிதாக்கி ஒரு முழுப் பக்கப் படம். வழிந்த சாயத்தின் மேல் பெயின்டரின் கைரேகை தெரிகிறது. அதன் கீழே: "கையால் செய்தது."