பாறசாலைக்கு ஒரு டிக்கெட்

களியக்காவிளை சோதனைச்சாவடி வழியாக நடக்கும் வியாபாரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நம் மலையை உடைத்து லாரி லாரியாகக் கேரளப் பக்கம் அனுப்புகிறோம். அங்கிருந்து கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் குப்பையும் வந்து நம் ஓடைக்கரையில் இறங்குகின்றன. இதற்கு நடுவே பெர்மிட் கேட்காத ஒரு சரக்கும் பெண்களின் கைப்பையில் வருகிறது: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை.

கருத்தடை தவறினால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர மாத்திரை இது. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று சட்டம் சொல்லி இருபது வருஷம் ஆகிறது. தமிழ்நாட்டில் தடை இருக்கிறதா? இல்லை. அரசாணை? இல்லை. பெரும்பாலான மருந்துக்கடைகளில் மாத்திரை? அதுவும் இல்லை! தடை போட்டால் யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள். போடாத தடையை எந்த நீதிபதி நீக்குவார்? என்ன ராஜதந்திரம்!

நம் புதுக்கடை ஊரில் ஒரு பெண் மெடிக்கல் ஷாப் படியேறிக் கேட்கட்டும். "அந்தச் சாதனம் இங்க கெடையாது மக்களே" என்பார்கள். அதோடு விட்டால் புண்ணியம். கழுத்தில் தாலி கிடக்கிறதா என்று ஒரு பார்வை, "யாருக்கு?" என்று ஒரு கேள்வி. பின்னால் தைலம் வாங்க நிற்கிற மாமாவுக்கு அதுவரை கேட்காத காதும் கேட்கும். அவள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்விடும். அதே கடையில் ஆணுறை மட்டும் விதவிதமான வாசனையில், கண்ணாடி அலமாரியில், முன்வரிசையில்.

ஐயா, இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. கலைப்பு மாத்திரை வேறு. அதற்கு டாக்டர் வேண்டும், 1971ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. கல்யாணம் ஆகாதவளுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியும் ஆயிற்று. முதல் மாத்திரையை ஒளித்து வைத்தால் இரண்டாவதைத் தேடி அலையத்தான் செய்வாள். இதற்குப் பெயர் பண்பாட்டுக் காவலாம். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கரு தங்காது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். எந்தச் சுவரில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்?

1954 ஆகஸ்ட் 11 அன்று திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் இதே புதுக்கடையில் சுட்டது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்ட குற்றத்துக்கு. 1956 நவம்பர் 1 அன்று சேர்ந்தோம். தியாகிகளுக்கு மாலை போடுகிறோம், மைக் பிடிக்கிறோம். அவர்களுடைய பேத்தியோ, தாத்தா உயிரைக் கொடுத்து விட்டு வந்த அந்தப் பக்கத்துக்கே பஸ் ஏறுகிறாள். அங்கே பாறசாலைக் கடைக்காரர் விலையைச் சொல்வார், ஊரையும் உறவையும் விசாரிக்கமாட்டார்.

சென்னையில் பெரியாருக்கும் மாலை விழுகிறது. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியவர். சிலையைத் துடைக்கிற துணியால் அந்தப் புத்தகத்தையும் ஒருமுறை துடைத்தால் தேவலை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டது 0.1 சதவீதம், ஆயிரத்தில் ஒரு மகாத்மா. இரண்டு பெற்றுவிட்டுக் கத்திக்குக் கீழே படுத்தால் அவள் குடும்பவிளக்கு. கரு தங்குமுன் ஒரு மாத்திரை கேட்டால் அவள் குடும்பத்தை விசாரிக்க வேண்டும்!

அரசுக்கு ஒரு யோசனை. மாத்திரையை டாஸ்மாக்கில் வையுங்கள். 2003 முதல் சில்லறை விற்பனையை நீங்களே நடத்துகிறீர்கள், சரக்கு இல்லை என்று யாரையும் பாறசாலைக்கு அனுப்பியதில்லை. பாட்டிலுக்கு வாங்குகிற மாதிரி அட்டைக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே யாரும் "கல்யாணம் ஆயாச்சா?" என்று கேட்பதில்லை.