வட்டம், பெட்டி, டோக்கன்

கே: ஃப்ளோசார்ட் இருக்கும்போது பெட்ரி நெட் எதற்கு?

ப: ஃப்ளோசார்ட்டின் மேல் ஒரு விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போகலாம். நாலு வேலை ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருந்தால் அந்த விரல் போதாது. பெட்ரி நெட்டில் வட்டம் நிலைமை, பெட்டி நிகழ்வு, இடையே அம்புகள், வட்டத்துக்குள் புள்ளியாக டோக்கன். ஒரு பெட்டிக்குள் அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் டோக்கன் இருந்தால்தான் அந்த நிகழ்வு நடக்கலாம். நடந்தால் அந்த டோக்கன்களை எடுத்துக்கொண்டு, தன் அம்பு போய்ச் சேரும் வட்டங்களில் டோக்கன் போடும். விதி முழுவதும் இவ்வளவே. யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கே: ஆய்வகக் கண்ணாடித் தட்டுக்குப் பெயர் தந்தவரா இந்தப் பெட்ரி?

ப: அவர் யூலியுஸ் ரிச்சர்ட் பெட்ரி, கிருமி ஆய்வாளர். இவர் கார்ல் ஆடம் பெட்ரி, 1926-ல் லைப்சிக்கில் பிறந்தவர். 1962-ல் வெளிவந்த இவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து ஒரு துறையே கிளம்பியது. வேதிவினைகளை வரைந்துவைக்க 13 வயதிலேயே இதை யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஹைட்ரஜன் வட்டத்தில் இரண்டு டோக்கன், ஆக்சிஜனில் ஒன்று எடு. தண்ணீர் வட்டத்தில் இரண்டு போடு. சமன்பாடு அப்படியே படமாகிறது!

கே: ஒற்றைப் பாதை ரயிலில் டிரைவர் டோக்கன் பந்து வாங்கிக்கொண்டு கிளம்புவாரே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ப: அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் சேர்ந்து ஒரு நேரத்தில் ஒரு பந்தைத்தான் வெளியே விடும். வரையுங்கள்: ‘பாதை காலி’ என்று ஒரு வட்டம், அதில் ஒரே டோக்கன். ‘வடக்கிலிருந்து நுழை’, ‘தெற்கிலிருந்து நுழை’ என்ற இரண்டு பெட்டிகளுக்கும் அதுதான் வேண்டும். ஒன்று எடுத்தால் மற்றது நிற்கும்; எடுத்த டோக்கன் ‘வடக்கு ரயில்’ அல்லது ‘தெற்கு ரயில்’ வட்டத்துக்குப் போகும். ரயில் வெளியேறினால் டோக்கன் ‘பாதை காலி’க்குத் திரும்பி வரும். இப்போது கூட்டுங்கள்: காலி, வடக்கு ரயில், தெற்கு ரயில் ஆகிய மூன்று வட்டங்களிலும் சேர்த்து ஒரு டோக்கன். ஒவ்வொரு பெட்டியும் இந்த மூன்றிலிருந்து ஒன்றை எடுத்து, ஒன்றையே திருப்பிப் போடுகிறது. ஆகவே கூட்டுத்தொகை என்றுமே மாறாது. இரண்டு ரயில் ஒருசேர உள்ளே இருக்கவே முடியாது. எந்த வரிசையில் எது நடக்கும் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்காமலே நிரூபித்துவிட்டோம். மென்பொருளில் லாக் போடுகிறவர்கள் ஒருமுறையாவது இதைக் கையால் வரைந்து பார்க்க வேண்டும்.

கே: புள்ளி வெறும் புள்ளிதானே? தரவு எங்கே?

ப: டென்மார்க்கின் கர்ட் ஜென்சன் புள்ளிக்கு ‘நிறம்’ கொடுத்தார்; அதாவது டோக்கன் ஒரு மதிப்பைச் சுமந்துகொண்டு போகும். தரவைத் தற்காலிகமாக வைக்கும், ஐந்து இடம் உள்ள பஃபரைப் பாருங்கள். ‘காலி இடம்’ வட்டத்தில் ஐந்து டோக்கன், ‘நிரம்பிய இடம்’ வட்டத்தில் ஒன்றுமில்லை. எழுதுகிறவர் காலியில் ஒன்றை எடுத்து நிரம்பியதில் போடுவார். படிக்கிறவர் திருப்பிப் போடுவார். முன்னே போவது தரவு, பின்னே வருவது ‘இன்னும் எழுதலாம்’ என்ற அனுமதி. பஃபர் நிரம்பினால் எழுதுகிறவர் தானாகவே நிற்பார்.

கே: எவ்வளவு பெரிய வலையையும் கணினி சோதித்துவிடுமா?

ப: ஒரு நிலையை எட்ட முடியுமா என்று தீர்மானிக்க வழி உண்டென்று 1981-ல் எர்ன்ஸ்ட் மேயர் காட்டினார். மோசமான வலைகளில் அதற்கான உழைப்பு கற்பனைக்கு எட்டாதபடி பெருகும் அக்கர்மான் சார்பின் வேகத்தில் வளரும் என்பது 2021-ல் நிரூபணமானது. ஆகவே சின்னச் சின்ன வலையாக வரைந்து, மாறாத கூட்டுத்தொகையை முதலில் தேடுங்கள்.

கே: ஆபீஸ் லீவு விண்ணப்பத்துக்குக்கூட இதுவா?

ப: தாராளமாக. இதற்கென்றே வில் வான் டெர் ஆல்ஸ்ட் வகுத்த வலைகளில் தொடக்க வட்டம் ஒன்று, முடிவு வட்டம் ஒன்று. எங்கே நின்றாலும் முடிவை எட்ட வழி வேண்டும். எட்டியபின் நடுவில் டோக்கன் மிஞ்சக் கூடாது. எந்தப் பெட்டியும் வீணாக நிற்கக் கூடாது. மேலாளர் மறுத்தபிறகும் சம்பளப் பிரிவின் வட்டத்தில் ஒரு டோக்கன் கிடந்தால், லீவே எடுக்காதவருக்குச் சம்பளம் பிடிக்கப்படும்.