யார் குரல், யாருக்குத் தெரியும்?
நம் எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று தேடுபவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடும். யார் ‘ஆம்’ என்றார் என்பதற்குப் பதிவே கிடையாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் மீதான வாக்கெடுப்பின்போது, எண்ணிப் பாருங்கள் என்று எதிர்க்கட்சிகள் கத்தின. அத்தனை கூச்சலிலும் துணைத் தலைவருக்கு ‘ஆம்’ மட்டும் துல்லியமாகக் கேட்டது. நல்ல செவி!

எண்ணினால் மட்டும் என்ன? 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து. 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் தப்பலாம். உறுப்பினரின் மனசாட்சி என்ன சொல்கிறது என்பதைக் கொறடாவிடமே விசாரிக்கலாம்.

வருகைப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அமைச்சர்கள் அதில் கையெழுத்திட வேண்டியதில்லை. மற்றவர்கள் இட்டால், அன்றைய படித்தொகை உறுதி. பேச்சு அவரவர் விருப்பம்.