உயர்த்திய ஜீப்பும் உருப்படாத டோவும்

கேள்வி: உயர்த்திப் பெரிய டயர் மாட்டிய ஜீப் ராங்லர், அலைன்மென்ட் செய்த பிறகும் சாலையில் அலைபாய்வது ஏன்?

பதில்: பெரும்பாலும், செய்தது டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் என்பதால்தான்! ராங்லரின் முன் அச்சு ஒரே திடமான துண்டு. வண்டியை உயர்த்தினால் அச்சைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம்கள் சாய்ந்து அதைச் சற்றே சுழற்றிவிடும்; காஸ்டர் என்னும் பின்சாய்வு குறையும். திருப்பிய சக்கரத்தைத் தானே நேராக்குவது அந்தச் சாய்வு. டோவை எவ்வளவு திருகினாலும் இழந்த காஸ்டர் திரும்பி வராது. நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் ஒரு வழி. ‘டோவாவது கம்பெனி அளவில் இருக்கிறதே’ என்பீர்கள். மில்லிமீட்டரில் அளந்திருந்தால் அதுவும் சந்தேகமே. சிறிய டயரின் 2 மி.மீ. பெரிய டயரில் குறைந்த கோணம். டிகிரியில் கேளுங்கள். காஸ்டர்தான் குறை என்றால் அதை அள்ளி வைக்கலாமா? கூடாது, முன் டிரைவ்ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு வண்டி அதிரும். உயரத்துக்குப் பணம் கொட்டியவர், சாய்வுக்கும் கொஞ்சம் எடுத்துவைக்கத்தான் வேண்டும்.