வெட்டி உத்தியோகம்

இன்ஜினியரிங் முடித்த நாளிலிருந்து அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. கல்லாவிலிருந்து டீக்கு எடுத்தால் கேள்வி கிடையாது, அவ்வளவுதான். ஆதார் அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் விழவேண்டும் என்று நான் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, வந்தவரிடம் அப்பா சொல்வார்: "பையனா? சும்மாதான் இருக்கான்."

இதற்கு ஒரு கௌரவமான சொல் இல்லாமலா போகும் என்று தேடினேன். பொருளாதாரப் பாடத்தில் 'மறைமுக வேலையின்மை' அகப்பட்டது. ஜோன் ராபின்சன் என்ற அம்மையார் 1936-ல் வைத்த பெயர். நல்ல வேலை பறிபோய் லண்டன் தெருவில் தீப்பெட்டி விற்கிறவனும் வேலையில்லாதவன்தான் என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்து "மாமா, எனக்கு மறைமுக வேலையின்மை" என்றால், ஏதோ வெளியே சொல்லமுடியாத வியாதி என்று நினைத்து மாமா லேகியம் சொல்வார்.

ஊரார் வாயில் தயாராக இருப்பது 'வெட்டி'. வெட்டி ஆபீசர் என்றால் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, கல்வெட்டுப் பைத்தியமான நண்பன் விளக்கும்வரை. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்துதர வேண்டிய வேலையாம். வேலை உண்டு, காசு இல்லை. என் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

2022 குரூப் 4 தேர்வு அறிவிப்பில் 7,301 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பத்தாவது படித்தால் போதும் என்ற அந்தத் தேர்வுக்கு என் செட் பையன்களே கடைக்கு வந்தார்கள். ஒரு மத்தியானம், இரண்டு பி.இ. சேர்ந்து ஒரு போட்டோவை 50 கேபிக்குள் அடக்கப் பாடுபட்டோம். மூன்றாம் தடவையில் மூக்கு மட்டும் மங்கலாகி அடங்கியது.

போன மாதம் மத்திய அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"சும்மாதான் சார் இருக்கான்" என்றார் அப்பா.

"கடையில உட்காருவாரா?"

"அது உட்காருவான்."

"கடந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது?"

"ஒரு மணி நேரமா! ராத்திரி ஷட்டரை இழுக்கறதே அவன்தான்."

"அப்ப வேலையில இருக்கார் சார். சொந்தக் குடும்பத் தொழில்னா சம்பளம் இல்லாட்டியும் கணக்கு உண்டு."

அப்பா என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்று சாயங்காலம் கல்யாணத் தரகர் போன் செய்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பையனா? சென்ட்ரல் கவர்மென்ட் கணக்குல இருக்கான்."