கப்பலேறிய கட்டை

கப்பலில் ஏறும்போது என்னென்ன கொண்டுவரக் கூடாது என்று டிக்கெட்டோடு ஒரு பட்டியல் தருகிறார்கள். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், கத்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எதுவும் கூடாது. மிருதங்க மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வரிவரியாகப் படிக்கிறார். மிருதங்கம் கூடாது என்று எங்கேயும் இல்லை. வங்கியில் சுற்றறிக்கை படித்தே தலை நரைத்தவர் அவர். கூடாது என்று போடாத எதுவும் கூடும் என்பது அவர் சர்வீஸில் கண்ட உண்மை.

மாமி தலையில் கை வைத்துக்கொள்கிறாள். கல்யாண நாளுக்கென்று அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை போட்டுக் கொடுத்த பயணம் இது. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட ஆரம்பித்தார்களே, அதில்.

"மானம் கப்பலேறும்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் கூடவே நானும் ஏறப் போறேன்."

மாமாவிடம் பதில் தயார். "வாத்தியம் கப்பலேறினா தப்பா? பிடில் எப்படி வந்தது? வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டுவந்தான். தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கோட்டை பேண்டுக்காரன்கிட்ட கத்துண்டார். இன்னிக்குப் பிடில் இல்லாம ஒரு கச்சேரி உண்டா? 1879-ல மதீராத் தீவுக்காரா ஹவாய்க்குக் கப்பல்ல போய் எறங்கினா. அவா கையில கொண்டுபோன குட்டி வாத்தியம்தான் உகுலேலே ஆச்சு."

"அவாள்ளாம் போன எடத்துலயே தங்கிட்டா. நீங்க திரும்பி வந்துடுவேளே."

மிருதங்க மாமா ஒருவர் அல்ல. நங்கநல்லூரில் ஒருவர், மாம்பலத்தில் ஒருவர், பெங்களூரில் பெண் வீட்டோடு இருப்பவர் ஒருவர் என்று பேட்டைக்குப் பேட்டை உண்டு. சின்ன வயதில் ஆதி தாளம் முடித்து மிசிர சாபுவில் கால் வைக்கும்போது வேலை கிடைத்துவிடும். வேலையோடு மாற்றல் வரும். கட்டை பரணுக்குப் போகும். பணி ஓய்வு பெற்ற மறுவாரமே அது கீழே இறங்கும். நன்றாக வாசிப்பாரா என்றால், மோசமில்லை. கை சுத்தம், காலப்பிரமாணம் பிடித்தபடி நிற்கும். கேட்கத்தான் ஆள் கிடையாது. நவராத்திரி கொலுவுக்கு வருகிறவர்கள் சுண்டல் பொட்டலத்தை வாங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு. இங்கேதான் கப்பல் அவர் மனசில் வேறொரு பொருள் கொள்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர், சுற்றிலும் கடல். எழுந்து போகிறவனும் எவ்வளவு தூரம் போய்விடுவான்?

கப்பலுக்கு வாத்தியம் கொண்டுவருகிறவர்களில் வேறு ரகங்களும் உண்டு. கிதார்ப் பையன் மேல்தளத்தில் சூரியன் இறங்கும் நேரத்துக்குச் சரியாக வந்து உட்காருவான். அவனுக்கு மூன்று கார்டு தெரியும், அதற்கு மேல் தேவைப்படுவதும் இல்லை. புல்லாங்குழல்காரர் பரம சாது, சட்டைப்பைக்குள் வந்து சட்டைப்பைக்குள்ளேயே திரும்புவார். இவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிருதங்கம்தான் குடும்ப உறுப்பினர் கணக்காக இடம் கேட்கும் வாத்தியம். இரட்டைப் படுக்கை போட்ட சின்ன அறையில் ஒரு சோபா. மாமி சாய்ந்து புத்தகம் படிக்கலாம் என்று நினைத்த அந்தச் சோபாவில், வெல்வெட் உறை போட்டுக்கொண்டு அது படுத்திருக்கிறது. போர்வை வேறு.

ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். மாமா வாசிப்பதற்காக அதைக் கொண்டுவரவில்லை. வாசிக்கச் சொல்லி யாராவது கேட்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறார். தானாக உட்கார்ந்து வாசித்தால் அவன் வித்துவான் இல்லை என்பது அவர் கட்சி. கேட்க வேண்டும், இவர் மறுக்க வேண்டும், மறுபடி கேட்க வேண்டும், இவர் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்றாம் தடவை நாலு பேராகச் சேர்ந்து கேட்க வேண்டும். இந்த முறைக்குக் குறைவாக எதுவும் நடக்கக் கூடாது.

கேட்பதற்கு முதலில் பார்க்க வேண்டுமே. அதனால் மிருதங்கத்துக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டுகிறார். லிஃப்டில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். சூதாட்டக் கூடத்தின் வழியாக நடக்கிறார். நீச்சல் குளத்தங்கரையில் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைக்கிறார், யாராவது "இது காலியா?" என்று கேட்டால் பேச்சு ஆரம்பிக்கலாம் என்று. கேட்டவர் ஒருவர் உண்டு. காலி இல்லை என்று தெரிந்ததும் வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். லிஃப்டில் ஒரு சின்னப் பையன் மட்டும் "அங்கிள், இது சிலிண்டரா?" என்று கேட்டான். அவன் அம்மா அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவே சுருதி. அறையில் ஏசி, வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது. மேல்தளத்தில் உப்புக்காற்று, ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது. அறையில் சேர்த்த சுருதி லிஃப்ட் கதவு திறப்பதற்குள் கலைந்துபோகிறது. மாமா கருங்கல்லையும் மரத்துண்டையும் எடுத்து வலந்தலையின் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டு உட்காருகிறார். ஒரு தட்டு, செல்போன் தம்புராவோடு காதை வைத்து ஒரு 'நம்'. மறுபடி ஒரு தட்டு. மற்றவர்கள் டால்பின் தெரிகிறது என்று கைப்பிடிக் கம்பியிடம் ஓடும்போது இவர் நாலாவது கண்ணில் இருக்கிறார். விடுமுறையில் இவ்வளவு உழைக்கிற ஆள் அந்தக் கப்பலில் இன்ஜின் அறையில்தான் இருப்பான்.

மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பிக்கு ரவை பூச வேண்டும். பெட்டியில் இடம் போதவில்லை என்று மாமி கிளம்பும்போதே ரவைப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். மாமா காலைச் சிற்றுண்டிக் கூடத்துக்குப் போய், உப்புமா கிளறிக்கொண்டிருந்த சமையல்காரரிடம் கையேந்தினார்.

"ஒரு பிடி ரவை வேணும். பச்சையா."

"வேக வைக்காமலா சார்?"

"வேக வெச்சா ஒட்டாது."

"எதில சார் ஒட்டணும்?"

"இடது பக்கம்."

சமையல்காரர் மாமாவின் வயிற்றின் இடது பக்கத்தை ஒருமுறை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, டாக்டர் சொன்னதாக இருக்கும் என்று ஒரு கிண்ணம் நிறையவே கொடுத்தார்.

அதே கூடத்தில் மதியம் மாமாவைப் பார்க்க வேண்டும். சைவ உணவுக்குத் தனி வரிசை, தனிப் பலகை எல்லாம் இருக்கிறது. ஆனாலும் கரண்டி தனியா, வாணலி தனியா, அந்தப் பக்கத்துக் கரண்டியை இந்தப் பக்கத்தில் போடும் வழக்கம் உண்டா என்று குறுக்கு விசாரணை நடத்திவிட்டுத்தான் தட்டை நீட்டுகிறார். மேலே அறையில், சோபாவில், பசு, எருமை, ஆடு என்று மூன்று தோலும் போர்த்திக்கொண்டு அவருடைய செல்லம் தூங்குகிறது. வார் முழுக்க எருமை. தஞ்சாவூர்ச் செபாஸ்டியன் குடும்பத்தைப் போன்ற கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பார்த்து வாங்கி, பதப்படுத்தி, மூட்டு கட்டிக் கொடுத்துத்தான் அந்த நாதம். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் 2020-இல் வந்தபோது வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாமா அந்தச் செய்தியைப் படித்தார், புத்தகத்தைப் படிக்கவில்லை. மிருதங்கம் பலா மரத்தில் செய்வது என்று யாரிடமும் விளக்குவார். பலா மரத்தோடு நிறுத்திக்கொள்வார்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சாதகம். சத்தம் வெளியே போகக் கூடாது என்று மிருதங்கத்தின் மேல் துண்டைப் போட்டு, விரல் நுனியால் மட்டும் 'தா தீ தொம் நம்'. கப்பல் அறைகளின் நடுச்சுவர் எவ்வளவு கனம் என்பது பக்கத்து அறையில் படுத்தவருக்குத்தான் தெரியும். அவர் வரவேற்பு மேசைக்குப் போன் பண்ணினார். ஐந்தரை மணிக்கு, பையில் ஸ்பேனரோடு நீலச் சட்டைக்காரர் ஒருவர் மாமாவின் கதவைத் தட்டினார்.

"சாரி சார், குழாயில ஏதோ தட்டுற சத்தம்னு புகார். பாத்ரூமைப் பார்க்கணும்."

மாமா ஒன்றும் பேசாமல் வழிவிட்டார். அந்த ஆள் குழாய் மூட்டெல்லாம் இறுக்கிவிட்டு, இனி வராது என்று உறுதி சொல்லிவிட்டுப் போனார். மாமி போர்வைக்குள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அலை என்று நினைத்து மாமா சோபாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கேளிக்கைகளைக் கவனிக்கும் பையனிடம் நேரே போய்விட்டார். மைக் எல்லாம் பேண்டுக்காரர்களுக்குப் போய்விட்டது, மைக் இல்லாமல் எப்படி என்று அவன் நழுவினான். "பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்துல மைக் வெச்சா வாசிக்க மாட்டேன்னு இருந்தவர், தெரியுமோ?" என்றார் மாமா. மணி ஐயர் எந்த அறை எண்ணில் இருக்கிறார் என்று அவன் கேட்டான்.

வாய்ப்பு வராமல் போகவில்லை. அந்தாக்ஷரி நடந்துகொண்டிருந்தபோது, ஈரோட்டிலிருந்து ஒரு பெருங்கூட்டமாக வந்த குடும்பத்தில் ஒரு பெரியவர் உறையைப் பார்த்துவிட்டு, "ஐயா, மிருதங்கமா? நம்ம புள்ளைங்க பாடறாங்க, ஒரு தட்டுத் தட்டுங்களேன்" என்றார். கேட்டேவிட்டார்! மாமாவின் முகத்தில் ஒரு நொடி வந்து போனதை மாமி மட்டும் பார்த்தாள்.

"சினிமாப் பாட்டுக்கா? அதெல்லாம் இதுல வராது. சுருதி வேற சேரலை. இந்த உப்புக்காத்துல மூட்டு..."

"பரவாயில்லீங்க, தொந்தரவு பண்ணலை" என்றார் ஈரோட்டுப் பெரியவர், நிஜமாகவே மரியாதையாக. திரும்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். நன்றாகவே தட்டினார். மாமா இரண்டாம் அழைப்புக்காகப் பாதி எழுந்த நிலையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு தடவைதான் கேப்பா. நீங்க மூணு தடவை பிகு பண்ணிக்க இதென்ன சம்பந்தி வீடா?" என்றாள் மாமி.

காங்கேசன்துறையில் இறங்கி வேனில் நல்லூர்க் கோயிலுக்குப் போனார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு ஆண்கள் வரிசையில் நின்றால், பூசை நேரம். தவில். இருபது வயதுகூட இருக்காத பையன், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு வாசிக்கிறான். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975-இல் போய்விட்டார் என்றாலும் அந்த மண் அந்தக் கையை மறக்கவில்லை போலும். மாமா தொடையில் தாளம் போட்டுத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். பையன் ஒரு இடத்தில் நடையை மாற்றிக் கணக்கைச் சுற்றிக்கொண்டு வந்தான். மாமாவின் கை ஓர் அட்சரம் முன்னால் விழுந்தது. மறுபடி சுற்று வந்தபோது பின்னால் விழுந்தது. மூன்றாம் முறை கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு வெறுமனே கேட்டார். பூசை முடிந்து பையன் குச்சியைக் கீழே வைத்ததும், யாரும் பார்க்காதபோது அவனுக்கு ஒரு கும்பிடு போட்டார். அன்று இரவு ஈரோட்டுக்காரர் வந்து மறுபடியும் கேட்டார். "இன்னிக்கு வேண்டாம், மன்னிச்சுக்கோங்கோ" என்றார் மாமா. அதில் பிகு இல்லை. மாமிகூட ஒன்றும் சொல்லவில்லை.

சென்னையில் இறங்கியபோதுதான் கதை திரும்பியது. எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போன மிருதங்கம் வெளியே வரவில்லை. அதிகாரி திரையை உற்றுப் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டார்.

"இதுக்குள்ள என்ன சார் இருக்கு?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததையா ரெண்டு பக்கமும் தோல் போட்டு இறுக்கி மூடி வெச்சிருக்கீங்க?"

"அது மிருதங்கம் சார்."

"பையில கருங்கல்லு எதுக்கு?"

"சுருதி சேர்க்க."

"இந்தக் காகிதத்துல வெள்ளையா?"

"ரவை."

அதிகாரிக்கு முகம் மாறியது. இலங்கையிலிருந்து வருகிற கப்பல். உள்ளே காலியான ஒரு கட்டை, ஒரு கல், ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி. திறந்து காட்டுங்கள் என்றார். திறந்தால் வார் முழுக்க அவிழ்க்க வேண்டும், மறுபடி மூட்டு கட்ட வாரக்கணக்கில் ஆகும் என்றார் மாமா. பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. அதிகாரி யோசித்தார்.

"சரி, வாத்தியம்தானே? வாசிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்."

மாமா மறுக்கவில்லை. கையைப் பார்த்துக்கொள்ளவில்லை. மாமியிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி, ரவையைப் பிசைந்து தொப்பியில் அப்பி, சுங்கச் சோதனைக் கூடத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுருதி, கேட்டால் நம்ப மாட்டீர்கள், தானாகவே சேர்ந்திருந்தது. முதல் 'தொம்' அந்தக் கொட்டகைத் தகரக் கூரையில் போய் மோதித் திரும்பியது. பெட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஈரோட்டுக் குடும்பம் மொத்தமாகக் கையில் தாளம் போட ஆரம்பித்தது. லிஃப்டில் பார்த்த பையன் முன்னால் வந்து குந்திக்கொண்டான். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், "அட, அஞ்சு மணிக் குழாய் இதுதானா!" என்றது.

சதுச்ரம் முடித்துத் திச்ரத்துக்கு வந்தபோது அதிகாரி குனிந்து, "போதும் சார், நம்பிட்டேன், எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"இன்னும் தீர்மானம் வைக்கலையே. ரெண்டே நிமிஷம்" என்றார் மாமா, கையை எடுக்காமல்.

மாமி தன் பெட்டியைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் அப்படியே உட்காருங்கோ. அவருக்கு ரெண்டு நிமிஷம்னா அரை மணி."